கூச்சாவில் மிஞ்சியவர்கள்

நகரத்தின் மறுகோடி ரெக்ஸ்டேலிலிருந்து பனிக்குள் ஸ்காபரோவரை வந்த குலசிங்கம், குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தான். கணவனின் தம்பி அப்படி இருந்தால், வந்த கதையைச் சொல்லிவிட்டு ஓடப்போகிறான் என்று மங்கையற்கரசிக்குத் தெரியும்.

“அண்ணி, ஐயரோட கதைச்சிட்டன். செத்த திதி தெரியாட்டி அமாவாசையில அண்ணன்ர அந்திரட்டிக் கிரியையைச் செய்யலாமாம்.”

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வேலைக்குப் போன அவள் கணவன் இரத்தினவேல் வீடு திரும்பவில்லை. உடலும் இல்லை, சேதியும் இல்லை. இப்போது அவள் ஓம் என்றால் அவர் செத்தவராகிவிடுவார். அவள் பொட்டும் அன்றோடு சரி.

அவள் மகள் பக்கம் திரும்பினாள். நாளைக்கு வகுப்பில் பேசவேண்டிய பழைய சீனச் சரித்திரத்தை நிலக்சி மேசையில் விரித்துவைத்திருந்தாள்.

“சொல்லு பிள்ளை. அந்தச் சீனப் பட்டாளத்துக்குப் பிறகு என்ன நடந்தது?”

“அம்மா, சித்தப்பா கதைக்கிறார்...”

“நீ சொல்லு.”

“திபெத்காரர் ரோட்டெல்லாம் பிளாக் பண்ணிட்டினம். பாலைவனத்துக்கு அங்கால, கூச்சாவில நிண்ட சீன ஆர்மி தனிச்சுப்போச்சு. எல்லாரும் டெட் எண்டு அரண்மனையில நினைச்சிட்டினம். கனகாலம் கழிச்சு அங்கயிருந்து ஆக்கள் வேற நாட்டால சுத்தி வந்து, நாங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறம் எண்டு சொன்னவை. எம்பரர் எல்லாருக்கும் புரமோஷன் குடுத்தவர்.”

“உதவிக்கு ஆள் அனுப்பினவரோ?”

“இல்லை. பிறகு ஒருக்கா அந்த ஊரைத் திபெத்காரருக்கே குடுப்பம் எண்டும் யோசிச்சவர்.”

“கேட்டியோ குலம்? உயிரோட இருக்கிறாங்கள் எண்டு தெரிஞ்சும்.”

குலசிங்கத்தின் முகம் கறுத்தது. “நான் உங்கட சீன ராசா இல்லை அண்ணி. அண்ணன் கனவில வந்து தண்ணி கேக்கிறான். எள்ளுந் தண்ணியும் நான் இறைக்காமல் வேற ஆர் இறைக்கிறது?”

அவளுக்கு அவர் ஒரு கனவிலும் வந்ததில்லை. அதுதான் சுட்டது.

“உயிரோட இருக்கிறவருக்கும் தண்ணி விடாய்க்கும்தானே, தம்பி?”

அவன் குளிர்ச்சட்டையை இழுத்துப் பூட்டிக்கொண்டான்.

“கடைசியில அவையளுக்கு என்ன நடந்தது, நிலக்சி?”

“ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாதாம் அம்மா. ஊரைத் திபெத்காரர் பிடிச்சிட்டினம் எண்டு நினைக்கினம். சேதி கொண்டுவர ஆள் மிஞ்சேல்லைப் போல.”

குலசிங்கம் எழும்பிச் சப்பாத்தை மாட்டினான். அவள் லிப்ட்வரை கூடப்போனாள்.

“ஐயருக்கு என்ன சொல்ல?”

லிப்ட் வந்து திறந்தது. உள்ளே வெளிச்சம் மட்டும் இருந்தது. அவன் ஏறாமல் அவள் பதிலுக்காக நின்றான். கதவுகள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெல்ல மூடிக்கொள்ள, வெறும் பெட்டி கீழே இறங்கிப்போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.