ஒரு பட்டனுக்கான காரணம்

பிராங்பேர்ட்டில் நான் கடைசியாக வேலை செய்த கம்பனி, பேக்கரிகளில் பாண் சுடும் அடுப்புகளுக்கு மென்பொருள் எழுதியது. மேலாளர் கெஸ்லருக்கு ஒரே கவலை: ஏன் இப்படிச் செய்தோம் என்று பிறகு கேட்டால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. ஆகவே, ஒவ்வொரு வடிவமைப்பு முடிவின் கீழும் காரணம் எழுதவேண்டும் என்றார். அந்தக் காரணத்துக்குப் புள்ளி போட ஒரு நிரலையும் கணினியில் பூட்டினார். பத்துக்கு ஐந்து புள்ளியாவது எடுக்காத பகுதி இயங்காது.

முதல் நாள் கட்டிடத்தில் கோப்பி மெஷின் மட்டும் இயங்கியது. அதை நாங்கள் செய்யவில்லை.

அந்த நேரம் பார்த்து, எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தேனுஜாவின் புரோபேட்சைட், அதாவது வேலை நிரந்தரமாகுமுன் வரும் பரீட்சைக் காலம், முடியவிருந்தது. அடுப்பை ஒரேயொரு பட்டனால் இயக்கும் பகுதி அவளுடையது. மறுநாள் ஒரு பேக்கரிக்காரர் பார்த்து வாங்க வருகிறார். அவர் முன்னால் அது இயங்காமல் நின்றால் அவளுடைய வேலையும் போய்விடும்.

'பாவிக்க இலகு' என்று எழுதினாள். இரண்டு. 'பாவனையாளர் விரும்புவர்' என்றாள். எந்தப் பாவனையாளர் என்று கேட்டுவிட்டு நிரல் ஒரு புள்ளி போட்டது.

பக்கத்து மேசை சிவராம், கோயம்புத்தூர்க்காரர், எட்டிப் பார்த்தார்.

"ஸ்கேலபிள்னு, எவ்வளவு பெருசாக்கினாலும் தாங்கும்னு போடும்மா. நான் எல்லாத்துக்கும் அதான் போட்டேன்."

"உங்களுக்கு எத்தினை அண்ணை விழுந்தது?"

"அது இருக்கட்டும். நான் சொன்ன மாதிரி மூணு பட்டன் வச்சிருந்தா இந்தப் பிராப்ளமே இல்ல."

தேனுஜா கோபத்தில் தட்டத் தொடங்கினாள். தட்டின தட்டில் கீபோர்ட்டின் ஒரு கட்டை கழன்று ஜன்னலால் பறந்து, கீழே போன எஸ்-பான் ரயிலுக்குள் விழுந்தது. பின்னேரம் டார்ம்ஸ்டட்டில் கண்டெடுத்தார்கள். மிச்சக் கட்டைகளால் அவள் டொச்சில், ஜெர்மன் மொழியில், எழுதியது இது:

'மூன்று பட்டன் வேண்டுமென்று சிவராம் மத்தியானம் வரை பேசினார். கன்டீன் மூடும் நேரம். எல்லோருக்கும் பசி. ஒரு பட்டன் போதும் என்று எழும்பிவிட்டோம்.'

பத்து.

கீழே நிரலின் விளக்கம்: 'கலந்துகொண்டோர் தெளிவு. மாற்று யோசனை பதிவாகியுள்ளது. அதைக் கைவிட்ட காரணம் சரிபார்க்கத்தக்கது.' சரிபார்த்தும் விட்டார்கள். கன்டீன்காரி சாட்சி.

மறுநாள் அடுப்பு ஒரு பட்டனில் எரிந்தது. ஏன் ஒன்று என்று பேக்கரிக்காரர் கேட்டார். கெஸ்லர் பதிவை அப்படியே வாசித்தார்.  பேக்கரிக்காரர், தன் மனைவியின் தமையனும் இப்படித்தான் பேசிக்கொண்டேயிருப்பார் என்று சொல்லி, எல்லாக் கிளைகளுக்கும் அடுப்பு கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே தேனுஜா நிரந்தரம். முதலில் கைகொடுத்தவர் சிவராம்தான்.

"கங்க்ராட்ஸ்ம்மா. ஆனா மூணு பட்டன்தான் கரெக்ட். ஏன்னு கேளு."

"கேக்கிறன் அண்ணை. முதல்ல சாப்பிட்டிட்டு வாறன்."