காக்கா தலைவர்

பிச்சைமுத்துவுக்குப் பறவைகள் மேல் எந்தக் காலத்திலும் ஆசை இருந்ததில்லை. அறுபத்தோரு வயது வரைக்கும் அவர் உற்றுப் பார்த்த ஒரே பறவை தட்டில் கிடந்த கோழிதான். அதையும் நாற்பத்தெட்டு நாள் விரதம் என்று நிறுத்தியாகிவிட்டது. அப்பேர்ப்பட்டவர் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொப்பியும் ஜாகிங் சப்பாத்துமாகப் பத்து காஜா ஊருக்குப் போகும் வழியில், பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளைச் சுற்றியிருக்கும் பறவைக் காப்பகத்து வாசலில் வந்து நின்றார் என்றால், அது சாமி காரியமாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். தோட்டம் என்று இப்போது ஒன்றும் இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள், செம்பனையை வெட்டி வீடு கட்டினார்கள். கோயில் மட்டும் வீடுகளுக்கு நடுவில் நிற்கிறது. தோட்டத்து ஆட்கள் குனோங் ராபாட், காம்பார் என்று பக்கத்து ஊர்களுக்குச் சிதறிப் போனாலும், கும்பாபிஷேகம் என்றால் கார் ஏறி வந்துவிடுவார்கள். கோயில் தலைவர் பிச்சைமுத்து. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த கும்பாபிஷேகத்துக்கும் அவரேதான் தலைவர். அன்றைக்குத்தான் மானம் கப்பல் ஏறியது.

கலசத்தில் புனித நீர் ஊற்றுகிற நேரத்தில் வானத்தில் கருடன் வந்து வட்டமடிக்க வேண்டும். வந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். வராவிட்டால் குறை ஐயரிடம் இல்லை, தலைவரிடம்தான். இது எழுதாத சட்டம். அன்றைக்குப் பிச்சைமுத்து கோபுரத்தின் மேல் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத் திறந்து பார்த்தால், கலசத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு காக்கா. அது வட்டமும் அடிக்கவில்லை, உட்கார்ந்து இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. "காக்காதான்லா வந்துச்சி" என்று கீழேயிருந்து முதலில் சொன்னது மச்சான் கனகராஜ், மனைவி காளியம்மாவின் கூடப்பிறந்த தம்பி. பொழுது சாய்வதற்குள் பிச்சைமுத்துவுக்குக் காக்கா தலைவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மறுநாளே பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்.

இந்த வருடம் வேறு எவரும் தலையைக் கொடுக்க முன்வராததால் பதவி மறுபடியும் அவரைத் தேடி வந்தது. இந்தத் தடவையும் கருடன் வராவிட்டால், செத்த பிறகு மாலை போட வருகிறவன்கூடக் காக்கா தலைவர் என்றுதான் சொல்லி அழுவான். அந்தப் பயத்தில் இரண்டு மாதமாக அவருக்குத் தூக்கம் இல்லை.

காளியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்ததற்கும் காரணம் இருந்தது. காரின் பின்னால் ஐஸ் பெட்டி, அதற்குள் இரண்டு கிலோ கெம்போங் மீன். காப்பு கட்டப் போகிற தலைவர் மீனைத் தொடக் கூடாது.

"நீதான் எறியணும்" என்றார்.

"ஏன், நான் மட்டும் விரதம் இல்லியா?" என்றாள் காளியம்மா. "வீட்டுல ஒன்ற மாசமா கருவாட்டு வாசமே கெடையாது."

"நீ தலைவரு இல்லலா. ஒனக்குச் சாமி மன்னிச்சிடும்."

காளியம்மா வலது கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமைகளில் இலவசமாகப் பறவை காட்டுகிறவள் தேவிஸ்ரீ. ஈப்போவில் பல் டாக்டர், செட்டியார் வீட்டுப் பெண். வாரம் முழுக்க ஊரார் வாய்க்குள் பார்த்துவிட்டு, வாரக் கடைசியில் வானத்தைப் பார்க்க வந்துவிடுவாள். அன்றைக்கு வேறு யாரும் வரவில்லை. பிச்சைமுத்துவைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அங்கிள் வயசுல நம்ம ஆளுங்க வரவே மாட்டாங்க. பெட்டியில என்ன அங்கிள்?"

"மோரு" என்றார் பிச்சைமுத்து. சாமி காரியத்தில் சொல்லும் பொய் கணக்கில் வராது என்பது அவர் கொள்கை.

குட்டையோரம் நடந்தார்கள். தேவிஸ்ரீ தொலைநோக்கியை அவர் கழுத்தில் மாட்டிவிட்டு நாணலுக்குள் நின்ற செந்நாரையைக் காட்டினாள். கழுத்தை நீட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்ற அந்த நாரையைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்களாம்.

"நல்லாருக்கு" என்றார் பிச்சைமுத்து. "கருடன் எங்க இருக்கும்?"

அடுத்து நீலத் தாழைக்கோழி. சிவப்பு அலகும் நீல உடம்புமாகத் தாமரை இலைமேல் நடந்துகொண்டிருந்தது. காளியம்மா, "இது என்னாங்க, பட்டுச் சேலை கட்டுன கோழியாட்டம் இருக்கு" என்று நின்றுவிட்டாள். பிச்சைமுத்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். மீன்கொத்தி வந்தது, பஞ்சுருட்டான் வந்தது, மரத்தில் தூங்கிக்கொண்டிருந்த வக்கா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் பிச்சைமுத்து ஒரு தடவை தலையாட்டிவிட்டு, கருடன் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். பஸ் ஸ்டேஷனில் விசாரிக்கிற மாதிரியே கேட்டார்.

தேவிஸ்ரீ பொறுமைசாலி. பல் டாக்டர் இல்லையா. "கருடன்னா செம்பருந்துதான் அங்கிள், வெயில் ஏறுனாத்தான் மேல எழும்பும். காத்து சூடாவணும். ஒம்பது, ஒம்பதரை."

முகூர்த்தம் ஒன்பது இருபதுக்கு. பிச்சைமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம கோயிலு இங்கேருந்து நாலு கிலோமீட்டர்தான்மா. அங்க வரச் சொல்ல முடியுமா?"

"அங்கிள், அது கூப்பிட்டா வர்ற கிராப் கார் இல்ல" என்றாள் தேவிஸ்ரீ. "மீன் இருக்கிற எடத்துக்குத்தான் வரும்."

இதைத்தான் அவர் கேட்க விரும்பினார். மீனுக்கு வருகிறதா என்று இன்றைக்கு ஒரு சோதனை. வந்தால் ஞாயிற்றுக்கிழமை கனகராஜைக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வாளி கெம்போங்கோடு நிறுத்திவிடலாம். பேர் வைத்தவனே பரிகாரமும் செய்யட்டும். அம்மனுக்குச் சைவப் படையல், கருடனுக்கு அசைவப் படையல், யாருக்கும் குறை இல்லை.

பார்வைக் கோபுரத்துக்கு வந்ததும் தேவிஸ்ரீ முக்காலித் தொலைநோக்கியை எடுத்து வருவதாகச் சொல்லிக் காருக்குப் போனாள். பிச்சைமுத்து பெண்சாதியைப் பார்த்தார். காளியம்மா பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் திறந்து, கீழே கரையைப் பார்த்து முதல் மீனை எறிந்தாள்.

முதலில் வந்தது பியாவாக். ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு, தண்ணீரிலிருந்து ஏறி, தன் வீட்டுக்கு வந்த சீர் போல மீனை எடுத்து விழுங்கியது. இரண்டாவது மீனுக்கு ஒரு காக்கா வந்தது. அது சும்மா வரவில்லை, உட்கார்ந்த கையோடு சொந்தபந்தத்தை எல்லாம் கூப்பிட்டது. ஐந்து நிமிடத்தில் கைப்பிடி, கூரை, படிக்கட்டு எங்கும் காக்கா. ஒன்று ஐஸ் பெட்டியின் விளிம்பிலேயே நின்றுகொண்டு பிச்சைமுத்துவை ஏற இறங்கப் பார்த்தது.

பிச்சைமுத்து, "அம்மா தாயே, மறுபடியும் இதானா? நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று தொப்பியைக் கழற்றி விரட்டினார். தொப்பி குட்டையில் விழுந்தது.

சத்தம் கேட்டுப் படியேறி வந்த தேவிஸ்ரீ பெட்டியைப் பார்த்தாள், காளியம்மாவின் பிளாஸ்டிக் கையைப் பார்த்தாள். "அங்கிள், இங்க தீனி போடக் கூடாது. வாசல்ல பெருசா எழுதியிருக்கு." அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. ஆனால் பாதியிலேயே நின்று, கையை வானத்துக்கு நீட்டினாள். "அங்கிள், அங்க. உங்க கருடன்."

எதிர்க்கரை மரங்களுக்கு மேலே, வெள்ளைக் கழுத்தும் செங்காவி இறக்கையுமாக அது எழும்பிக்கொண்டிருந்தது. நேராக இவர்கள் தலைக்கு மேலே வந்து சுற்ற ஆரம்பித்தது. பிச்சைமுத்துவின் உடம்பு சிலிர்த்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார். கண்ணை இறுக மூடினார். கருடா, பெருமாளே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒன்பது இருபதுக்கு வந்துவிடு என்று, விலாசத்தையும் குடியிருப்புத் தாமான் பெயரோடு சொல்லி வேண்டினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி வேண்டினார். திறந்து பார்த்தபோது வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா அங்கிள்? எவ்ளோ கிட்ட வந்துச்சி."

"கும்பிட்டேன்" என்றார் பிச்சைமுத்து.

"பாத்தீங்களா?"

"கும்பிட்டேன்லா."

காளியம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "அன்னைக்கும் இதே கதைதான். கோபுரத்து மேல நின்னுக்கிட்டுக் கண்ண மூடிட்டாரு" என்று தேவிஸ்ரீயிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான் சிரிப்பு நின்றது.

"என்னைக்கு?" என்றார் பிச்சைமுத்து.

தேவிஸ்ரீ நல்ல வீட்டுப் பிள்ளை. ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாள்.

"வந்துச்சிங்க" என்றாள் காளியம்மா. "அன்னைக்கும் கருடன் வந்துச்சி. பம்பு வச்சித் தீர்த்தத் தண்ணி அடிச்சாங்கல்ல, மூஞ்சில பட்டதும் கீழ எல்லாரும் கண்ண மூடிட்டாங்க. மேல நீங்களும் மூடிட்டீங்க. நான் பின்னால சாம்பார் அண்டாகிட்ட நின்னேன், அங்க தண்ணி வரல. மூணு சுத்து, வலமா சுத்திட்டுப் போச்சி. அப்புறந்தான் காக்கா வந்துச்சி."

"ஒன் தம்பி காக்கான்னு சொன்னானே."

"அவனும் எம் பக்கத்துல நின்னு பாத்தான். நான்தான் காக்கான்னு சொல்லச் சொன்னேன்."

பிச்சைமுத்து படியில் உட்கார்ந்தார். கோபம் வந்தது. எந்தப் பக்கம் இருந்து ஆரம்பிப்பது என்று தெரியாத அளவுக்கு வந்தது. "பன்னெண்டு வருசம்டி. கல்யாண வீட்டுக்குப் போனா காக்கா. சாவு வீட்டுக்குப் போனா காக்கா. என் மானம் போச்சேடி."

"மானம் போச்சி. நீங்க வீட்டுக்கு வந்தீங்க" என்றாள் காளியம்மா. "நம்ம மக துளசி எட்டு வயசுல டெங்கி வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீங்க கோயிலுக்குக் கூடாரம் பேசப் போனீங்க. தனியாளா மூணு ராத்திரி பக்கத்துல உக்காந்திருந்தேன். கருடனும் வந்திருச்சின்னு தெரிஞ்சிருந்தா, ஆயுசுக்கும் நீங்கதான் தலைவரு. வீட்டுப் பக்கம் திரும்பியிருப்பீங்களா? அம்மன்கிட்ட மனசார மன்னிப்பு கேட்டுட்டுத்தான் பொய் சொன்னேன்."

பதவி போன மறுவாரம்தான் துளசியைப் பள்ளிக்கூடத்துக்கு அவரே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். சாயங்காலம் வீட்டுப் பின்பக்கச் சந்தில் அவளோடு பேட்மின்டன் ஆடினார். அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தபோது பக்கத்து வீட்டுக் கேட்டு வளைந்தது. காம்பாரில் படிக்கப் போன அன்றைக்கு அவள் அம்மாவைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் இவரைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள். இந்த இரண்டு மாதத்தில் அந்தப் பெண் வீட்டுக்கு வந்த மூன்று தடவையும் அவர் கூட்டத்தில் இருந்தார்.

குட்டையில் தொப்பி மெதுவாக நாணல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காளியம்மா பிளாஸ்டிக் பையைக் கழற்றிவிட்டு அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"வலமாத்தானே சுத்துச்சி?" என்றார்.

"வலமாத்தான். மூணு சுத்து."

பிச்சைமுத்து தண்ணீரைக் குடித்தார். முகத்தைத் துடைத்தார். எழுந்து நான்கு படி இறங்கி, நின்று, திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம எது வந்தாலும் சரி, நீயும் ஒன் தம்பியும் காக்கான்னே சொல்லிடுங்க."