இருபத்திரண்டு போட்ட புளியமரம்

வெற்றிவேலுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் போதும், மலை மேல் இருக்கிற நெல்லிவாசல்நாட்டில் ஒருத்தரையும் நிம்மதியாக விடமாட்டான். போன மாதம் போளூரில் பழைய போன் ஒன்றை வாங்கும்போது, எந்த மாடலுக்கு எந்த நெட்வொர்க் எடுக்கும் என்று சொல்கிற வெப்சைட்டைக் கண்டுபிடித்தான். அவன் வாங்கின போனுக்குப் பச்சை டிக் விழுந்தது. அதை ஆடு மேய்க்கிறவர் வரைக்கும் காட்டிப் பீற்றிக்கொண்டான். ஆனால் வூட்டுக்குள் ஒரு புள்ளி சிக்னல் இல்லை.

"போன் எல்லாத்தையும் எடுக்கும். இங்க எடுக்கறதுக்கு ஒன்னும் இல்லன்னா அது இன்னா பண்ணும்?" என்று போனுக்கு வக்காலத்து வாங்கினான்.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு அவன் பெண்டாட்டி ஷோபனாவுக்கு வீடியோவில் இன்டர்வியூ. இன்டர்நெட் கம்பெனி ஒன்றின் கஸ்டமர் கேர் வேலை, ஆபீஸ் போளூரில். டிகிரி முடித்து மூன்று வருஷத்தில் வந்த முதல் அழைப்பு. பாவம், ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.

"நீ தலை சீவு. ஸ்பீடை நான் பாத்துக்கறேன்" என்று விடிந்ததும் கிளம்பினான் வெற்றிவேல். தண்ணித் தொட்டி மேல் ஏறி ஸ்பீடு டெஸ்ட் போட்டான், மூன்று. பாறை மேல் போட்டான், ஏழு. கோபால்சாமி கொல்லையில் இருந்த பெரிய புளியமரத்தடியில் போட்டான் பாருங்கள், இருபத்திரண்டு! மறந்துவிடக் கூடாதே என்று போன இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் அந்த நம்பரை எழுதிவைத்தான். அதோடு விட்டானா? புளியமரத்தடியில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினான். நாற்பது தரமாவது இருக்கும்.

பத்து ஐம்பதுக்கு ஷோபனா மாம்பழக் கலர் புடவையில் வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். அவன் போனை வாங்கித் தட்டினாள். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் மெசேஜ் வந்தது. இன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதாம்.

"யோவ், இன்னாய்யா பண்ணி வெச்ச?"

"டெஸ்ட்டுதான் போட்டேன். அது டேட்டாவைத் திங்கும்னு எவன் கண்டான்?" ரீசார்ஜ் பண்ணப் பார்த்தான். அதற்கும் நெட் வேண்டுமாம்.

ஷோபனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மணி பத்து ஐம்பத்தைந்து.

அந்த நேரம் பார்த்துக் கோபால்சாமி கத்திக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் புளியமரத்தில் சுண்ணாம்பு பட்டால், அந்த வருஷத்துக் காயை வியாபாரிக்குப் பேசி முடித்தாச்சு என்று அர்த்தம்.

"என் மரத்தை எவன்கிட்டடா பேசி வுட்ட? இருபத்திரண்டுன்னு வெலை வேற போட்டுக்கீற!"

"ஐயோ மாமா, அது ஸ்பீடு!"

"மரத்துக்கு இன்னாடா ஸ்பீடு? அது எங்க ஓடப் போவுது?"

ஷோபனா எழுந்து அவர் எதிரே நின்றாள். "மாமா, அந்தாள அப்புறம் அடிச்சிக்கோங்க. இப்ப உங்க போன்ல ஹாட்ஸ்பாட் போடுங்க. என் பொழப்பே அதுல கீது."

கோபால்சாமி அவளைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். "போடறேன். மொதல்ல இவன் அதை அழிக்கட்டும்."

துணி தேட நேரமில்லை. வெற்றிவேல் போட்டிருந்த புதுச் சட்டையாலேயே தேய்த்துத் தேய்த்து அழித்தான். பதினோரு மணிக்கு வீடியோ வந்தது.

கீதாஞ்சலி என்ற மேடம் இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு, "ஒருத்தர் போன் பண்ணி, நான் ஒன்னுமே பாக்கல, காலையிலேயே டேட்டா தீந்துடுச்சுன்னு சண்டை போடறாரு. எப்படிப் பேசுவீங்க?" என்றார்.

ஷோபனா போனுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தாள். எதிரே வெற்றிவேல், சட்டையெல்லாம் வெள்ளை.

"மொதல்ல என் கோவத்த அடக்கிக்குவேன் மேடம். அப்புறம் மரியாதையா கேப்பேன். சார், எத்தினி தரம் ஸ்பீடு டெஸ்ட் போட்டீங்க? ஒவ்வொரு தரமும் உங்க டேட்டாதான் சார் போவுது. ஸ்பீடு பாத்தே எல்லாத்தையும் தீத்துட்டா, அந்த ஸ்பீடை வெச்சிக்கினு இன்னா சார் பண்ணுவீங்க?"

"அவர் ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்குவாரு மேடம். எதிர்லதான் நிக்கிறாரு."

மேடம் சிரித்த சிரிப்பு கொல்லை முழுக்கக் கேட்டது. திங்கட்கிழமை போளூர் ஆபீசுக்கு வரச்சொல்லிவிட்டார். ஷோபனா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள்.

வெற்றிவேல் சட்டையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டான். மெதுவாகக் கிட்டே வந்தான்.

"மாமா, உங்க நெட்டு நல்லா இழுக்குதே. எவ்ளோ வருதுன்னு ஒரே ஒரு தரம்..."

ஷோபனா அவன் போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வூட்டுக்கு நடந்தாள்.