கீவர்கீஸ் வளைவில் ஒண்ணாம் கியர்

எங்கள் ஜீப்புக்கு லாரி கியர் பாக்ஸ் வைப்பது எனக்காகத்தான் என்று முள்ளம்பாறை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார் என் வீட்டுக்காரர் பைலி, நான் இச்சாயன் என்று கூப்பிடுகிறவர். சொல்லட்டும். பழைய பாக்ஸ் பல் தேய்ந்துபோய், ஏற்றத்தில் கியர் தானாகக் கழன்றுவிடும். போன முறை ஆஸ்பத்திரிக்குப் போகையில் அப்படித்தான் பாதி மலையிலிருந்து திரும்பினோம். எனக்கு டயாலிசிஸ் தவறியது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. இன்னொரு முறை தவறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர்கூட அளந்துதான். பிராந்தி அளக்கிற சின்னக் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு இச்சாயன் அதட்டுவார்.

"போதும்டி ஏலி. உன் கிட்னி பென்ஷன் வாங்கிடுச்சு, ஞாபகம் இருக்கட்டும்."

"உங்களுக்கு அந்தக் காலத்துல இப்படி அளந்து ஊத்தியிருந்தா நாம டவுன்லயே வீடு கட்டியிருக்கலாம்" என்பேன். ஆள் கிளாசைக் கழுவப் போய்விடுவார்.

ஈராற்றுப்பேட்டையிலிருந்து மெக்கானிக் ஷுக்கூர் வந்தான். பலாமரக் கிளையில் சங்கிலி போட்டுப் பழையதை இறக்கினான். புதியது நீளம், எடையும் கொஞ்சநஞ்சமில்லை. தரைத் தகட்டை வெட்டி, அடியில் தாங்குகிற சட்டத்தைத் தள்ளிப் பற்றவைத்து, பின்சக்கரத்துக்குப் போகிற தண்டைக் குட்டையாக்கி, ஒருவழியாகப் பொருத்தினான். கியர் குச்சி என் முழங்காலை இடித்தது.

"அச்சாயா, இது உங்க பேரன் காலத்துலயும் உடையாது. ஆனா பின் ஆக்ஸில் அதே பழசு. மழை விட்டதும் மாத்திடலாம். அதுவரைக்கும் ஒண்ணாம் கியர் பக்கம் போகாதீங்க, அது லோடு லாரியை இழுக்கிற கியர். எந்த ஏத்தமா இருந்தாலும் ரெண்டுலயே எடுங்க."

"எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியாடா?"

"சேச்சி, நீங்கதான் சாட்சி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாள் காலை கர்க்கடக மாச அடைமழையில் டயாலிசிஸுக்குக் கிளம்பினோம். சும்மா சொல்லக்கூடாது, வண்டி முனகாமல் ஏறியது. எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது.

கீவர்கீஸ் புனிதருக்குச் சிலுவை நட்ட சின்னக் குருசடி இருக்கிற வளைவுதான் இந்த மலையில் கடைசி ஏற்றம், அதைத் தாண்டினால் ஆஸ்பத்திரி வரை இறக்கம். அங்கே எந்த டிரைவரும் நிற்காமல் போவதில்லை. நிறுத்தி, உண்டியலில் காசு போட்டு, சிலுவை வரைந்துவிட்டு, ஒண்ணாம் கியரில் எடுப்பார்கள். உள்ளே இருக்கிற நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். இச்சாயனும் காசு போட்டு வந்தார், சிலுவை வரைந்தார். நான் கண்ணை மூடினேன். சிலுவை வரைந்த கை, முப்பது வருஷப் பழக்கத்தில், நேராக ஒண்ணாம் கியருக்குப் போயிருக்கிறது.

ஜீப் ஒரு எம்பு எம்பியது. பின்னால் படீரென்று ஒரு சத்தம், பழைய ஆக்ஸில் முறிந்துவிட்டது. வண்டி பின்பக்கமாக வழுக்கி ரோட்டுக்குக் குறுக்கே திரும்பி, சக்கரம் ரோட்டோர ஓடைக்குள் இறங்கி நின்றது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

"ரெண்டுன்னு சொன்னானே இச்சாயா!"

அவர் கியர் குச்சியை ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கியரும் நல்லா விழுதுடி" என்றார். அழுகை வந்தது எனக்கு.

பின்னாலேயே எங்கள் ஊர் ரெஜியின் ஜீப் ஆட்களோடு வந்தது. எல்லாரும் இறங்கித் தோள் கொடுத்தார்கள். அசையவில்லை.

"பழைய பாக்ஸா இருந்தா வண்டியை நாங்களே தூக்கி ஓரமா வெச்சிருப்போம் சேட்டா" என்றான் ரெஜி. "நீங்க மலையையே குறுக்கால வெச்சுட்டீங்க. என் வண்டி எப்படிப் போகும்?"

என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போகலாமா என்று பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வளைவுக்கு மேலே மண் சரிந்து, சேறு இடுப்பளவு விழுந்தது. போனில் சிக்னல் இல்லை. ஒவ்வொருவராக ரெஜியின் ஜீப்புக்குள் ஏறி மழைக்கு ஒதுங்கினார்கள்.

இச்சாயன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு மூச்சு இரைத்தது. "தொண்டை வறளுது" என்றேன், வழக்கம்போல அதட்டுவார் என்று.

அவர் சீட்டுக்கு அடியிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து, முழு பாட்டிலையும் என் கையில் கொடுத்தார்.

"குடிடி ஏலி. வேணுங்கிற அளவுக்குக் குடி."

எனக்குப் புரிந்துவிட்டது. இனி அளந்து என்ன பயன் என்று முடிவுகட்டிவிட்டார்.

"அளந்து குடுங்க!" என்று கத்தினேன். "கிளாஸ் எங்கே? அளந்து குடுங்க!"

அவர் சட்டைப் பையைத் தடவினார். சீட்டுக்கு அடியில் துழாவினார். கிளாஸ் வீட்டில் இருந்தது.