தகட்டில் ஒரு பெருக்கல் குறி

அடுத்தவன் தயாரித்த பெயிண்டை விற்று விற்று அலுத்துப்போன பெயிண்ட்காரர், கடைசியில் தானே ஒன்றைக் கலக்கிவிட்டார். படகுப் பட்டறை மேலாளர் அதைத் தொட்டுப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "துருவுக்குத் தாங்கும்னு லேப்ல சொல்லட்டும், நம்ம படகு அத்தனைக்கும் உங்க பெயிண்டுதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பெயிண்ட்காரருக்குத் தூக்கம் போனது.

லேப்பில் வேலை பார்ப்பவள் அவர் மனைவியின் தங்கை. சொந்தக்காரி இருக்கிறாள் என்ற தெம்பில், பெயிண்ட் அடித்த மூன்று இரும்புத் தகடுகளைத் துணியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனார். அவளோ மூன்றையும் மேஜையில் கிடத்தி, கத்தியால் ஒவ்வொன்றிலும் சரக் சரக்கென்று ஒரு பெருக்கல் குறி போட்டாள். உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

"அடிப்பாவி, நல்லா இருந்ததை ஏம்மா கீறுற?"

"படகு என்ன மெத்தையிலயா போகுது அத்தான்? கல்லுல உரசாதா?"

"சரி, ஒரு கோடு போதும். நமக்குள்ள ரெண்டு எதுக்கு?"

"நமக்குள்ளங்கிறதெல்லாம் வீட்டுல. இங்க எல்லாருக்கும் ஒரே கீறல்தான்."

தகடுகள் உப்புப் பெட்டிக்குள் போயின. உப்புத் தண்ணீர் ராப்பகலாகப் பனிபோலப் பொழியும் பெட்டி அது. கடற்காற்றே அதன் பக்கத்தில் சாது.

சோதனைக் கெடு முடிந்த அன்று முதல் ஆளாக வந்து நின்றார். அவள் தகடுகளைக் கழுவி மேஜையில் வைத்துவிட்டு, அளவுகோல் எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனாள். பெயிண்ட்காரர் குனிந்து பார்த்தார். மூன்று பெருக்கல் குறியிலும் செங்கல் நிறத்தில் துரு.

கடையில் ஒரு டப்பா சிராய்த்திருந்தால்கூட, வாடிக்கையாளர் படியேறுவதற்குள் பூசிவிடுகிற கை அவருடையது. சட்டைப்பையில் சின்ன பிரஷும் சாம்பிள் டப்பாவும் எப்போதும் இருக்கும். யோசிப்பதற்குள் இரண்டு தகடு பூசியாகிவிட்டது. மூன்றாவதைக் கையில் எடுக்கும்போது அவள் வந்துவிட்டாள்.

"என்ன வாசனை இது?"

"துரு தெரிஞ்சுதும்மா... சும்மா ஒரு இழுப்பு இழுத்தேன்."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "இரும்பு தெரியக் கீறினா அங்க துரு வரத்தான் செய்யும். அது உங்க பெயிண்டு மேல தப்பில்ல. அங்கேருந்து பெயிண்டுக்கு அடியில ஊர்ந்து போயிருக்கான்னுதான் நாங்க பாக்குறது."

தப்பித்த தகட்டில் கீறலின் இருபக்கமும் சுரண்டினாள். பெயிண்ட் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. உரிந்த இடத்தில் இரும்பு புதுசு மாதிரி மின்னியது.

"பாஸ்தானே?"

"இது பாஸ். ஆனா மூணையும் பாத்தாத்தான் ரிசல்ட்டு தர முடியும், நீங்க பூசின ரெண்டும் இனி செல்லாது. ஜெயிக்கிற குதிரைக்கு நீங்களே கால ஒடச்சிட்டீங்க அத்தான்."

பெயிண்ட்காரர் மேலாளருக்குப் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பெயிண்டு தேவலாம், கைதான் சும்மா இருக்காதுங்கிறீங்க. சரி, படகு எங்க ஓடிடப் போகுது? காத்திருக்கேன்."

மறுவாரம் புதுத் தகடுகள் பெட்டிக்குள் போயின. அவருக்கு மட்டும் உள்ளே நுழைய அனுமதி இல்லை. கண்ணாடிக்கு வெளியே நாற்காலியில், வயிறாரச் சாப்பிட்டவர் முகத்தோடு சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குழாய்க்கடைக்காரர், எவரிடமோ வாங்கிய பெயிண்டை அடித்தும் தன் குழாயில் துரு வந்துவிட்டதென்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"பதறாதீங்கண்ணே. கீறல்ல துரு வந்தா ஒண்ணுமில்ல, அடியில ஊர்ந்தாத்தான் வம்பு."

"அடியிலயும் ஊர்ந்திருக்காம்."

"அப்படியா?" பெயிண்ட்காரர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாமா?"