வராத குமட்டல்

முதல் நாள் கேப்டனால் தரையைவிட்டு ஓர் அடிகூட எழும்ப முடியவில்லை. இடது கையில் இருந்த நெம்புகோலை மேலே இழுக்க இழுக்க, ஹெலிகாப்டர் அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் பொறுமை போய், "சனியனே!" என்று நெம்புகோலைக் கீழே தள்ளினார். உடனே அது விருட்டென்று வானத்துக்குப் பாய்ந்து, பக்கவாட்டில் சரிந்து, தலைகுப்புற விழுந்து நொறுங்கியது. இத்தனை வருடம் கடலுக்கு நடுவே இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய மனிதர், சொந்த வீட்டு முன்னறையில், ஒரு பழைய வேன் சீட்டில் உட்கார்ந்தபடி உயிரை விட்டார்.

தப்பு அவருடையது அல்ல. ஹெலிகாப்டரில் இடது கை நெம்புகோலை மேலே இழுத்தால் ஏறும், இறக்கினால் இறங்கும். ஆனால் இந்தப் பறக்கும் விளையாட்டை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் விமானம் என்று நினைத்துக்கொண்டு, நெம்புகோலைத் தள்ளுவதுதான் ஏறுவது என்று அது சாதித்தது. 'தலைகீழ்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் ஒரு டிக் போட்டால் முடிந்தது. அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிப்பதற்குள் கேப்டன் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

அவரைக் கேப்டன் என்று கூப்பிட இப்போது அதிகம் பேர் இல்லை. வருடத் தொடக்கத்தில் சிறுநீரகத்தில் ஒரு தொற்று வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிரைக் காப்பாற்ற ஊசி போட்டார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் அந்த மருந்து காதுக்குள் புகுந்து, கேட்கும் பக்கத்தை விட்டுவிட்டு, உடம்பை நிலையாக வைத்திருக்கும் பக்கத்தில் கைவைத்துவிட்டது. ஆயிரத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். அந்த ஒருவராக இருப்பதில் என்ன பெருமை இருக்கிறது? பறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "கொஞ்ச நாள் போகட்டும், சில பேருக்குத் திரும்பி வரும். அப்புறம் டாக்டருங்க குழு உக்காந்து, பறக்கலாமான்னு பாக்கும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் குழு அடுத்த வியாழக்கிழமை உட்காரப் போகிறது.

திரும்பி வந்துவிட்டது என்றுதான் கேப்டன் நினைத்தார். நினைத்தார் என்ன, நம்பினார். ஆரம்பத்தில் குடித்தவன் போலத் தள்ளாடியவர் இப்போது நேராக நடக்கிறாரே! இருட்டில் எழுந்தால் தடுமாறுவதால் படுக்கையறை விளக்கை அணைக்காமல் தூங்குவது உண்மைதான். அது புத்தகம் படிக்கும் பழக்கம் என்று வைத்துக்கொண்டார். தெருவில் நடக்கும்போது கடைப் பலகைகளின் எழுத்து குதிப்பதும் உண்மைதான். அதற்குக் கண்ணைக் குறை சொல்லி, புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டார். எழுத்து கண்ணாடிக்குள்ளும் குதித்தது. கண்ணாடிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவன்மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தார்.

கை மட்டும் துருப்பிடிக்கக் கூடாது. அதற்குத்தான் இந்த முன்னறை ஏற்பாடு. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் வேன் சீட்டை வாங்கி, கனமான பலகை ஒன்றின் மேல் போல்ட் போட்டு இறுக்கினார். சீட்டின் இடப்பக்கம் நெம்புகோல், முழங்கால்களுக்கு நடுவே குச்சி, பாதங்களுக்குக் கீழே இரண்டு பெடல். கடையில் விற்கும் குச்சியில் ஸ்பிரிங் இருக்கும். கையை எடுத்தால் நடுவுக்கு ஓடிவந்துவிடும். நிஜ ஹெலிகாப்டரில் அந்தச் செல்லம் எல்லாம் கிடையாது, விட்ட இடத்தில் நிற்கும். எனவே குச்சியைப் பிரித்து ஸ்பிரிங்கைக் கழற்றி எறிந்தார். பெடலுக்கும் அதே சிகிச்சை. குச்சியின் உயரம் போதாது என்று ஒரு குழாயைப் பொருத்தி நீட்டினார். தொடைமேல் மணிக்கட்டைச் சாய்த்து, இரண்டு விரலால் குச்சியைப் பிடித்தபோது, இத்தனை மாதம் எங்கேயோ போயிருந்த தன் கை வீடு திரும்பிவிட்டது என்று தோன்றி, அவருக்குக் கண் கலங்கியது.

கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சிக் கருவி தனி ரகளை. இரண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளியை அதில் ஒரு சக்கரத்தைத் திருகிச் சரியாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உலகம் இரண்டு இரண்டாகத் தெரியும். உட்கார்ந்த உயரத்தை அதற்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இருக்கைக்குள் புதைந்து, இடுப்பு உயரத்திலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான். இது எல்லாம் முடிந்தபின் திரைச்சீலையை இழுத்துவிட்டு மாட்டிக்கொண்டால், முன்னறை காணாமல் போகும். சுற்றிலும் கடல். வலப்பக்க இருக்கையில் அவர். இடப்பக்கம் துணை விமானியின் காலி இருக்கை.

அந்தக் காலி இருக்கைதான் அவரைப் படுத்தியது. கிளம்பும் முன் ஒருவர் கேட்க, ஒருவர் பதில் சொல்ல வேண்டும், அது பழக்கம். "எரிபொருள்?" என்று கேப்டனே கேட்பார். ஆள் இல்லை. "சரியா இருக்கு" என்று குரலைக் கொஞ்சம் மாற்றிக் கேப்டனே சொல்வார். "கதவு?" "மூடியாச்சு." பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, "வீட்டுக்கு விருந்தாளிங்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்று சொல்லிவிட்டார். விருந்தாளி வந்த வீட்டில் ஒரே ஒரு தட்டு காய்வதை அந்த மனிதர் பார்த்திருக்க மாட்டார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாதத்தில் பாதி நாள் கடலில், மீதி நாள் தூக்கத்தில் என்று போனவருக்கு அது தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, ஒருநாள் யாரும் கேட்காமலே நின்றுவிட்டது. சொந்தம் என்று இருப்பது வேறு ஊரில் தையல் வகுப்பு நடத்தும் அக்கா ஒருத்திதான்.

அக்காவிடம் போனில் பெருமை அடித்துக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்தது. இந்தக் கருவியை மாட்டினால் எல்லோருக்கும் குமட்டுமாம். விற்பவனே எச்சரிக்கை ஒட்டி அனுப்பியிருந்தான்: முதலில் கொஞ்ச நேரம் மட்டும் போடுங்கள், முகத்துக்கு நேரே மின்விசிறி வையுங்கள், பக்கத்தில் வாளி வையுங்கள். கேப்டனும் வாளி வைத்தார். வாளி சும்மாவே கிடந்தது. அரை நாள் பறந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் இது தூசு, அக்கா. காது நல்லா ஆயிடுச்சு. இல்லன்னா தலை சுத்தி விழுந்திருப்பேன்ல?"

"நிஜமாவாடா? அப்போ வியாழக்கிழமை நானும் வரேன். வகுப்புக்கு லீவு விட்டுட்டு வரேன். நீ மறுபடி யூனிஃபார்ம் போடுறத நான் பாக்கணும்."

பல வருடங்களுக்கு முன்னால், பயிற்சி மையத்தில் இதே மாதிரி பொய்யாகப் பறக்கும் பெரிய கூண்டில் தானும் வாந்தி எடுத்தது கேப்டனுக்கு நினைவு வராமல் இல்லை. அது அந்தக் காலத்துத் திரை, மங்கல், ஆட்டம். இப்போது வருவதெல்லாம் நல்ல சாமான் என்று அதைத் தள்ளிவிட்டார். ஆசை வந்துவிட்டால் அறிவு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

சனிக்கிழமை மதியம் மொட்டை வந்தான். கேப்டனின் இடப்பக்க இருக்கையில் பல வருடம் உட்கார்ந்தவன் அவன்தான். தலையில் முடி இருந்த காலத்திலேயே அவனுக்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது; பெயருக்கு மரியாதை கொடுத்து முடி பிறகு போயிற்று. கேப்டன் அழைத்ததற்கு மூன்று முறை சாக்கு சொல்லி, நான்காவது முறை வந்திருந்தான். கையில் பழப் பை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களின் பை.

"என்ன கேப்டன், வீட்டையே ஹெலிகாப்டர் ஷெட் ஆக்கிட்டீங்க!"

"உக்காரு. எண்ணெய்க் கிணத்து மேடைக்கு மேல ஒரு நிமிஷம் அப்படியே நிறுத்திக் காட்டு பாப்போம்."

அந்தரத்தில் ஓரிடத்தில் அசையாமல் நிறுத்துவதுதான் ஹெலிகாப்டரில் கஷ்டமான வேலை. மொட்டை கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஹெலிகாப்டர் முன்னால் ஓடியது, பின்னால் ஓடியது, மேடையைச் சுற்றி நடனம் ஆடியது. கேப்டனுக்கு ஒரே சிரிப்பு. இந்த அறையில் இன்னொரு மனிதனோடு சேர்ந்து சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! சந்தோஷத்தில் அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

"தட்டாதீங்க கேப்டன்... கழட்டுங்க, கழட்டுங்க, சீக்கிரம்."

வாளிக்கு வேலை வந்தது. மொட்டை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். நெற்றியெல்லாம் வேர்வை. கேப்டன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை கேலி செய்தார்.

"இவ்வளவுதானா நீ? நான் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருக்கேன். ஒரு ஏப்பம்கூட வராது."

"பழைய ஆளுங்களுக்குத்தான் கேப்டன் இது ரொம்ப வரும்" என்றான் மொட்டை, வாயைத் துடைத்துக்கொண்டு. "நம்ம கம்பெனியில இதே மாதிரி புதுசா ஒண்ணு வாங்கி வச்சாங்கல்ல. புதுப் பசங்க ஜாலியா ஓட்டுறானுங்க. பறந்து பழகினவன் எல்லாம் பாத்ரூமுக்கு ஓடுறான். டாக்டர் சொன்னாரு, கண்ணு 'நான் திரும்புறேன்'னு சொல்லுதாம், காது 'இல்லடா, நீ சும்மாதான் உக்காந்திருக்க'ன்னு சொல்லுதாம். ரெண்டும் சண்டை போட்டா நடுவுல வயிறு மாட்டிக்குது. காது எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ அவ்வளவு..."

அத்தோடு நிறுத்திக்கொண்டான். பாதியில் நின்ற வாக்கியத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் ஒன்றும் புரியாதவர் போல டம்ளரை வாங்கி மேஜைமேல் வைத்தார். புரியாமல் இல்லை. அவருடைய கண் 'திரும்புகிறேன்' என்று சொல்கிறது. மறுத்துச் சொல்லக் காது அங்கே இல்லை. சண்டை போட ஆள் இல்லாத வீட்டில் சண்டை எப்படி வரும்? இத்தனை நாள் குணமாகிவிட்டதற்கு அத்தாட்சி என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது, உண்மையில் காது போனது போனதுதான் என்பதற்கான அத்தாட்சி.

"எல்லாருக்கும் அப்படித்தான்னு இல்ல கேப்டன்" என்றான் மொட்டை அவசரமாக. "சில பேருக்கு வராதாம். நான் யார்கிட்டயும் வாயைத் தொறக்க மாட்டேன். நீங்க நல்லா நடக்குறீங்க, நல்லா பேசுறீங்க. வியாழக்கிழமை தெம்பா போயிட்டு வாங்க."

"ராத்திரி. மேகம். கடல் தெரியல. நான் வலது பக்கம்" என்றார் கேப்டன். "நீ இடது பக்கம் உக்காருவியா?"

மொட்டை வாளியைப் பார்த்தான். ஜன்னலைப் பார்த்தான். "உக்காருவேன் கேப்டன்" என்றான். நல்ல பையன். ஆனால் அவன் எடுத்துக்கொண்ட நேரத்துக்குள் ஒரு ஹெலிகாப்டர் கடலில் விழுந்திருக்கும்.

வாளியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனான். மாடிப்படியில் அவன் காலடி இறங்கும் சத்தம் அடங்கும்வரை கேப்டன் கதவருகே நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, அவன் கொண்டுவந்த பழங்களை ஒன்று விடாமல் தின்றார். வயிறு புடைக்கத் தின்றார். மின்விசிறியை அணைத்தார். சீட்டில் உட்கார்ந்து கருவியை மாட்டிக்கொண்டார்.

மேலே ஏறி, ஒரு பெடலை முழுக்க மிதித்துப் பிடித்தார். ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுழன்றது. கடலும் வானமும் ஒன்றை ஒன்று துரத்தின. மேடை வந்தது, போனது, வந்தது, போனது. எந்த மனிதனுக்கும் குடல் வாய்க்கு வந்துவிடும். "வந்துடு" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். "ஒரு தடவை. கொஞ்சமா வந்தா போதும்." நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், வேர்வை இல்லை. நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறதா என்று பார்த்தார், ஊறவில்லை. தலையை ஆட்டினார், குனிந்தார், அண்ணாந்தார். வயிறு சாப்பிட்டதைச் சமர்த்தாக வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. இவ்வளவு பெரிய சுழற்சிக்கு நடுவே இவர் ஒருவர் மட்டும் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார். அந்தச் சௌக்கியத்தைப் போல ஒரு பயங்கரத்தை அவர் புயலிலும் பார்த்ததில்லை.

கருவியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். தையல் மெஷின் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது.

"சொல்லுடா. வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன்."

"அக்கா, எனக்கு வாந்தி வரல" என்றார். அழுகை வந்துவிட்டது.

மெஷின் நின்றது. "என்னடா இது? வரலன்னா நல்லதுதானே? அதுக்கு ஏன்டா அழற?"

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காது என்ன வேலை செய்யும் என்பதிலிருந்து அக்காவுக்குச் சொல்ல ஆரம்பித்தார். பாதி வரைக்கும் அவள், "அப்போ நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.