மேல்தெருவுக்கு ஏறாத லாரி

சந்தூக்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்றாவது வளைவில் திரும்பும்போதுகூட நவ்வாஃபின் தலைக்குள் லாரிதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாயிரம் லிட்டர் வண்டி இங்கே தாராளமாகத் திரும்பும். இருபதாயிரம் லிட்டர் வண்டி வந்தால் எதிர்வீட்டுச் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். பெற்ற வாப்பாவைச் சுமந்து போகிறவன் நினைக்கிற நினைப்பா இது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. பின்னாலிருந்து யாரோ மெதுவாகப் போகச் சொன்னார்கள். அவன் மெதுவாகப் போனான்.

வாப்பா ஹாயில் அன்று விடியற்காலை சுபுஹு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய எழுந்தவர், குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டார். டாக்டர் வந்து இதயம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டார். மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம். இந்த ஊரில் இறந்தவரின் மையத்தைக் காக்க வைக்கிற வழக்கம் இல்லை.

அம்மானுக்குப் பக்கத்து ஊரான ஸால்ட் முழுக்க மேடு. குழாயில் வாரம் ஒருமுறை வரும் தண்ணீர் மேல்தெருக்களுக்கு ஏறுவதற்குள் பாதியாகிவிடும். மீதியை லாரியில்தான் வாங்கியாக வேண்டும். ஹாயிலிடம் நான்கு லாரிகள் இருந்தன. நான்குமே கிழடு தட்டிப்போனவை. அவற்றைத் தள்ளிவிட்டு என்ன வண்டி வாங்குவது என்பதில்தான் வாப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு வருஷமாக முட்டிக்கொண்டிருந்தது. பெரிதாக இரண்டு போதும் என்றார் ஹாயில். இரண்டு டிரைவர், டீசலும் மிச்சம், ஓட்டலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நடையில் ஊற்றிவிடலாம். பெரிய வண்டி தெருவில் வந்தால் மனிதர்கள் ஒதுங்கி நிற்பார்களே, அந்த கௌரவம் வேறு. நவ்வாஃப் சின்னதாக ஐந்து கேட்டான். நம்மிடம் தண்ணீர் வாங்குகிறவர்கள் மேல்தெருவில் இருக்கிறார்கள், ஓட்டலில் இல்லை. அங்கே ஏறாத வண்டி நமக்கு எதற்கு என்றான். மேல்தெருவை விட்டால் ஆறே மாதத்தில் கடையைச் சாத்த வேண்டியதுதான். அவன் பிள்ளைகளின் சோறும் அந்தத் தெருவிலிருந்துதான் வந்தது.

ஹாயில் இதைச் சிரிப்பாக ஆக்கிவிட்டார். முடிவெட்டுகிற கடையில் உட்கார்ந்து, என் பையன் எனக்கு ஐந்து பொம்மை வாங்கித் தரப்போகிறான் என்று ஊருக்கெல்லாம் சொன்னார். தம்பி மிஃப்லிஹைக் கூட்டிக்கொண்டு போய் லாரி வியாபாரிக்குப் பெரிய வண்டிக்கே வாக்கும் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை வியாபாரி ஒரு பெரிய வண்டியை, ஓட்டிப் பாருங்கள் என்று கொட்டகையில் விட்டுவிட்டுப் போனான். மறுநாள் காலை நவ்வாஃபுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தடவையாவது மேல்தெருவுல ஓட்டிப் பாத்துட்டுப் பேசுங்க வாப்பா," என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அம்மானுக்குக் காரை எடுத்துவிட்டான். திரும்பி வந்தபோது வாப்பா தூங்கியிருந்தார். அவ்வளவுதான். அந்தப் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்து, குடும்பத்தின் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் பொதுவாக உள்ள கூடத்தில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆட்கள் வருவதும், வரிசை எழுந்து கை கொடுப்பதும், உட்காருவதுமாக அஸர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. சர்க்கரை இல்லாத காப்பியைக் கெண்டியிலிருந்து சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒருவன் நீட்டிக்கொண்டே போனான். மிஃப்லிஹ் சாச்சா தன் கிண்ணத்தை வாங்கினார். வாயில் வைக்கவில்லை. நவ்வாஃபுக்கு முன்னால் இருந்த முக்காலியில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

கூடம் அடங்கிவிட்டது. காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தால், உன்னிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன் என்று அர்த்தம். என்ன என்று விசாரிப்பது மரியாதை இல்லை. குடியுங்கள், கேட்டது கிடைத்தது என்று சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறப்பார். கொலைப் பகையைக்கூட அப்படித் தீர்த்திருக்கிறார்கள். துக்க வீட்டில் ஒருவர் கிண்ணத்தை வைப்பது அபூர்வம். வைத்தால் விஷயம் பெரிது.

என்ன விஷயம் என்று நவ்வாஃபுக்குத் தெரியாதா? வாப்பாவோடு போய் வாக்குக் கொடுத்தவர் இவர். குடியுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும், இரண்டு பெரிய லாரிகளும் தலையில் வந்து விடியும்.

"மொதல்ல விஷயத்தச் சொல்லுங்க சாச்சா," என்றான்.

வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சாச்சாவின் முகம் கறுத்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"குடின்னு சொல்லு மகனே. அப்புறம் பேசலாம்."

"லாரி விஷயம்னா முடியாது. வாப்பா குடுத்த வாக்கு வாப்பாவோட போச்சு."

"லாரி விஷயந்தான். சின்ன வண்டியே வாங்கு. நான் கேக்குறேன், என் பேரச் சொல்லி வாங்கு."

சந்தோஷப்பட வேண்டியவனுக்குச் சந்தேகம்தான் வந்தது. நேற்றுவரை பொம்மை, பொம்மை என்று கூடச் சேர்ந்து சிரித்த மனுஷன் இன்றைக்கு எதற்குக் கட்சி மாறுகிறார்? இதில் உங்களுக்கு என்ன ஆதாயம் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டும்விட்டான்.

"கேக்காத," என்றார் சாச்சா.

"எல்லார் முன்னாடியும்தானே கிண்ணத்த வெச்சீங்க? எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சாச்சா காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து ஊரே ஜும்மாவுல இருந்த நேரம். அண்ணன் தொழுகைக்குப் போகல. யாரும் பாக்கக் கூடாதுன்னு அந்தப் பெரிய வண்டிய எடுத்துக்கிட்டு மேல்தெருவுக்குப் போனாரு. பாதியில மாட்டிக்கிச்சு. அங்கேருந்து அடிவாரம் வரைக்கும் ரிவர்ஸ்லயே எறக்கியிருக்காரு, ஒத்த ஆளா. என் வீட்டுக்கு வந்து உக்காந்தாரு."

சாச்சா நவ்வாஃப் பக்கம் திரும்பினார்.

"'பையன் சொன்னதுதான்டா சரி, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவன்கிட்டச் சொல்லுவேன்'னாரு. இன்னிக்கி நான் நாலு பேரோட வந்து அவர் முன்னால காப்பிய வெக்கணும். தம்பி கேட்டான், தட்ட முடியலன்னு அவர் விட்டுக்குடுப்பாரு. அப்படித்தான் பேசி வெச்சிருந்தோம். அவர் போயிட்டாரு. அவர் வாக்க நீ மீறினதா இருக்கக் கூடாது, நான் கேட்டதா இருக்கட்டும்னுதான் உன் முன்னால வெச்சேன்."

வாப்பா ஒளித்து வைக்க நினைத்த ஒரே தோல்வியை, மண் காய்வதற்குள், ஊர் நடுவில் நவ்வாஃப் கொண்டுவந்து கொட்டியிருந்தான். கொட்டவைத்தது அவன் வாய்தான். பேசாமல் குடியுங்கள் என்று சொல்லியிருந்தால் வண்டியும் கிடைத்திருக்கும், அவர் பேரும் நின்றிருக்கும்.

"குடிங்க சாச்சா," என்றான். "கேட்டது கிடைச்சது."

ஆறிப்போன காப்பியைச் சாச்சா ஒரே வாயில் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கொடுத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வரிசை எழுந்தது. கராக் ஊரிலிருந்து தைஃபுல்லாஹ் வந்திருந்தார். வாலிபத்தில் ஹாயிலோடு அகபா துறைமுகச் சாலையில் லாரி ஓட்டியவர், இப்போது கைத்தடி. ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு வந்தவர் நவ்வாஃபின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"உன் வாப்பா மாதிரி ஆள் இனிமே பொறந்துதான் வரணும். சொன்னாச் சொன்னதுதான். யாருக்காகவாவது ஒரு வார்த்தைய மாத்தியிருப்பானா?"

நவ்வாஃப் சாச்சாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மாத்தினதே இல்ல," என்றார் சாச்சா.

"ஒருநாளும் இல்ல," என்றார் பக்கத்தில் நின்ற முடிவெட்டுகிறவர்.

அடுத்தவரும் இல்லை என்றார். அதற்கு அடுத்தவரும், தரையைப் பார்த்துக்கொண்டு. அந்தச் சொல் வரிசையோடு போய்க் கடைசி ஆள்வரை போனது. கிழவர் திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்து காப்பிக்குக் கை நீட்டினார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நவ்வாஃப் மட்டும் நின்றுகொண்டிருந்தான். சாச்சா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.